நாக்கில் நரம்புறைக் கட்டி: ரிப்போர்ட்டில் இருப்பதும் இல்லாததும்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. நாக்கின் வலது ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி, இரண்டு வருடமாக இருக்கிறது. வலி இல்லை, மேல்தோல் வழவழப்பாகவே இருக்கிறது, நாக்கு அசைவும் ருசியும் சரியாக இருக்கின்றன. சின்னத் துண்டு எடுத்து பயாப்சி செய்தார்கள். ‘பினைன் நெர்வ் ஷீத் டியூமர்’ என்று மட்டும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது கேன்சரா? எடுத்தால் நரம்பு அறுபட்டுப் பேச்சு போய்விடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். பரம்பரையாக வருமா? எனக்கு இரண்டு பிள்ளைகள்.

பதில்:

கேன்சர் இல்லை. முதல் கேள்விக்கு அந்த ரிப்போர்ட்டே பதில் சொல்லிவிட்டது: ‘பினைன்’ என்றால் கேன்சர் அல்லாத சாதுவான கட்டி, ‘நெர்வ் ஷீத்’ என்றால் நரம்புறை. மற்ற இரண்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை.

வாயில் இருந்து எடுத்த சதைத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் தொழில். நாக்கு ஓரத்தில் இருந்து ஒரு துண்டு வந்தால் நாங்கள் முதலில் தேடுவது கேன்சரைத்தான். புகையிலையும் பாக்கும் இத்தனை பேர் மெல்லும் நாட்டில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். நாக்குக் கேன்சர் பெரும்பாலும் ஆறாத புண்ணாக, கல் போன்ற தடிப்போடு, சில மாதங்களிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். உங்கள் அம்மாவுக்கு இருப்பதுபோல மேல்தோல் வழவழப்பாகவே இருக்க, அடியில் உருண்டையாக ஒன்று இரண்டு வருடம் சத்தமில்லாமல் கிடப்பது வேறு வகை. நரம்புறைக் கட்டி, கொழுப்புக் கட்டி, எச்சில் சுரப்பிக் கட்டி, நார்க்கட்டி எல்லாமே வெளியில் இருந்து பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். தொட்டுப் பார்த்து அடித்துச் சொல்லிவிட முடியாது. அதனால் பயாப்சி செய்தது சரியான வேலை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நரம்புறை என்றால் என்ன? மூளையில் இருந்தும் தண்டுவடத்தில் இருந்தும் கிளம்பி வரும் ஒவ்வொரு நரம்பு இழையையும் ஸ்வான் செல்கள் என்ற செல்கள் சுற்றிப் போர்த்தியிருக்கின்றன. 1839-இல் இவற்றை விவரித்தவர் தியோடர் ஸ்வான் என்ற ஜெர்மானியர். இழைகள் கட்டுக்கட்டாகச் சேரும்போது அந்தக் கட்டைச் சுற்றி இன்னொரு உறை, இடையில் நார் செல்கள். இந்த உறைப் பகுதியில் எந்தச் செல் பெருகுகிறது, எப்படிப் பெருகுகிறது என்பதைப் பொறுத்துக் கட்டியின் பெயர் மாறும். தகவலைக் கடத்தும் நரம்பு இழையில் இருந்து இந்தக் கட்டி வருவதில்லை. அம்மாவுக்கு நாக்கு அசைவும் ருசியும் இத்தனை நாள் சரியாகவே இருப்பது அதனால்தான்.

இப்போது, ரிப்போர்ட்டில் இல்லாததற்கு வருவோம். ‘நரம்புறைக் கட்டி’ என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லவில்லை. எழுதியவரின் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி உறை இருக்கிறதா, நரம்பு கட்டியின் ஓரமாகப் போகிறதா, நடுவே ஊடுருவிப் போகிறதா என்பதையெல்லாம் பார்க்க முடியாது. தெரிந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது நேர்மையான ரிப்போர்ட். முழுக் கட்டியும் வந்தால்தான் சரியான பெயர் கிடைக்கும்.

அதிக வாய்ப்பு ஸ்வானோமாவுக்கு. ஸ்வான் செல்களால் மட்டுமே ஆன கட்டி இது. வாய்க்குள் இது வரும் இடங்களில் முதலிடம் நாக்குக்குத்தான். பிறகு அண்ணம், கன்னத்தின் உட்புறம், உதடு, ஈறு. ஆண் பெண் இருவருக்கும் வரும், எந்த வயதிலும் வரலாம், இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் அதிகம். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மெல்ல வளரும். பலர் சாப்பிடும்போது பல்லில் கடிபட்ட பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பார்கள்.

ஃபார்மலின் பாட்டிலில் வரும் ஸ்வானோமாவை நடுவே பிளந்தால், சுற்றிலும் மெல்லிய உறை, உள்ளே வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கலந்த பளபளப்பான சதை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இரண்டு விதப் பகுதிகள் தெரியும். ஒன்றில் நீள நீளமான செல்கள் நெருக்கமாக, அவற்றின் கருக்கள் பக்கவாட்டில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு வரிசைக்கு நடுவே கருக்களே இல்லாத இளஞ்சிவப்புப் பட்டை. இதை 1910-இல் எழுதி வைத்தவர் ஹோசே வெரோகே. உருகுவே நாட்டுக்காரர், பிராகில் இருந்து வேலை பார்த்தவர். அவர் பெயராலேயே வெரோகே பாடி என்கிறோம். இன்னொரு பகுதியில் செல்கள் கலைந்து, தளர்ந்து, நீர் கோர்த்தாற்போல் கிடக்கும். 1920-இல் இந்த இரண்டையும் ஏ, பி என்று பிரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் அன்டோனி. நூறு வருடம் கழித்தும் எங்கள் ரிப்போர்ட்டுகளில் ‘அன்டோனி ஏ, அன்டோனி பி’ என்றுதான் எழுதுகிறோம். வெரோகே பாடி நன்றாகத் தெரிந்தால் வேறு டெஸ்டுக்குப் பெரிதாக வேலையில்லை. சந்தேகம் இருந்தால் எஸ்-100 என்ற சாயப் பரிசோதனை செய்வோம். ஸ்வானோமாவில் செல்கள் எல்லாமே பழுப்பாக நிறமேறி நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல வருடம் பழுத்த ஸ்வானோமாவில் சில செல்களின் கரு பெருத்து, கறுத்து, ஒழுங்கில்லாமல் தெரியும். அனுபவமில்லாத கண் அதைக் கேன்சர் என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் அது முதுமைத் தேய்மானம். செல்கள் பிரிந்து பெருகுகின்றனவா என்று தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. கட்டியை எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டில் ‘ஏன்ஷியன்ட் சேஞ்ச்’ என்று இருந்தால் பதறாதீர்கள். பழைய கட்டி என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை.

இனி, பேச்சு போய்விடுமா என்ற கேள்வி. நாக்கை அசைப்பது ஒரு நரம்பு. தொடு உணர்ச்சியையும் வலியையும் சூட்டையும் எடுத்துச் செல்வது வேறொரு நரம்பு. முன்பக்கத்து ருசியைக் கொண்டுபோகும் இழைகள் இரண்டாவதோடு கூடவே ஓடிவந்தாலும் வேறு இடத்தில் இருந்து வருபவை. நாக்கின் ஓரத்தில், மேல்தோலுக்குச் சற்று அடியில் வரும் ஸ்வானோமா பெரும்பாலும் இவற்றின் கடைக்கோடிக் கிளை ஒன்றில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளை எது என்று அறுவை சிகிச்சையின்போது கண்டுபிடிக்கவே முடியாமல் போவதும் சகஜம், அத்தனை மெல்லியது. தவிர, ஸ்வானோமா நரம்பை விழுங்குவதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு வளர்கிறது. உறையை நீளவாக்கில் கீறி உள்ளிருப்பதை அப்படியே உருட்டி எடுத்துவிடலாம், நரம்பு ஓரமாக நின்றுகொள்ளும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கட்டி என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டே எடுக்கலாம். தானாகக் கரையும் தையல், சில நாள் காரம் குறைத்த மென்மையான சாப்பாடு, கொஞ்ச நாள் வீக்கத்தால் சொற்கள் குழறும். எடுத்த இடத்தைச் சுற்றி ஒரு திட்டு மரத்தாற்போல் இருக்கலாம், பலருக்கு அது மெல்ல மெல்லத் தெளிந்துவிடும். பேச்சே போய்விடும் என்பது நாக்கையே எடுக்க வேண்டிய கேன்சர் ஆபரேஷனைப் பார்த்தவர்கள் சொல்லும் பேச்சு. உங்கள் உறவினரும் அப்படி யாரையாவது பார்த்திருப்பார்.

கட்டி நாக்கின் அடித்தளத்தில், தொண்டைப் பக்கமாக இருந்தால் கதை வேறு. அங்கே விழுங்குவதிலும் குரலிலும் தொந்தரவு வரும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதே சவாலாக இருக்கும். அதற்கெல்லாம் எம்ஆர்ஐ எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். அம்மாவுடையது ஓரத்தில் கையால் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது என்றால் எம்ஆர்ஐ கட்டாயமில்லை. ஆழம் தெரியவில்லை என்று டாக்டர் நினைத்தால் கேட்பார்.

இதன் உறவுக்காரன் நியூரோஃபைப்ரோமா. இதில் ஸ்வான் செல்லோடு நார் செல்கள், உறைச் செல்கள், மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கலந்து கிடக்கும். பெரும்பாலும் உறை இருக்காது. நரம்பு இழைகள் கட்டிக்குள்ளேயே சிதறி ஓடும். அதனால் நரம்பைத் தனியாகப் பிரித்து எடுப்பது கடினம். ஒற்றையாக வந்தால் இதுவும் சாதுதான். முழுதாக எடுத்தால் திரும்ப வருவது அபூர்வம். ஆனால் இந்தப் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால், வாயோடு நிறுத்தாமல் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஏன் என்பதைப் பரம்பரை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கட்டி என்று பெயர் வாங்கினாலும் உண்மையில் கட்டியே அல்லாத ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. பல் பிடுங்கியபோதோ, அடிபட்டபோதோ, நாக்கு ஆழமாகக் கடிபட்டபோதோ அறுந்த நரம்பு திரும்ப வளர முயன்று, வழி தெரியாமல் தழும்புக்குள் சுருண்டுகொள்வது. நாக்கு, கீழ் உதடு, கீழ்த்தாடையில் கடைவாய்க்கு முன்னால் நரம்பு வெளியே வரும் இடம், இவைதான் அதன் வழக்கமான இடங்கள். மற்றவை பெரும்பாலும் வலிக்காது, இது சிலருக்குத் தொட்டால் சுரீர் என்னும். வயதானவர்கள் ‘பல்செட்டு போட்டாலே அந்த ஓர் இடத்தில் ஷாக் அடிக்குது’ என்று சொன்னால் இதையும் நினைக்க வேண்டும். பல்செட்டை நான்கு முறை தேய்த்துக் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அண்ணத்தில் சின்னதாக, வலியில்லாமல் வரும் இன்னொரு நரம்பு முடிச்சும் உண்டு. எடுத்தால் போயிற்று, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

நாக்கு என்று வந்தபிறகு கிரானுலர் செல் டியூமரைச் சொல்லாமல் விட முடியாது. இதுவும் ஸ்வான் செல் வழி வந்ததுதான். உடம்பிலேயே இது அதிகம் வரும் இடம் நாக்கின் மேற்பரப்பு. பெண்களுக்கு அதிகம். 1926-இல் இதை விவரித்தவர் அப்ரிகோசோவ் என்ற ரஷ்யர். லெனின் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தவரும் இவரே. 2003-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய அப்ரிகோசோவ் இவருடைய மகன். அது கிடக்கட்டும். இந்தக் கட்டியில் ஒரு பொறி இருக்கிறது. அடியில் கட்டி இருக்க, அதன் மேலுள்ள தோல் பல நேரங்களில் காரணமின்றித் தடித்து வேர்விட்டாற்போல் கீழே இறங்கும். மேலாப்பில் மட்டும் கிள்ளி எடுத்து அனுப்பினால், அந்த வேர்கள் மட்டும் கண்ணில் பட்டு ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’, அதாவது வாயில் வழக்கமாக வரும் கேன்சர், என்று தவறாக எழுதப்படும் அபாயம் உண்டு. ஒரு சாதுவான கட்டிக்காகப் பாதி நாக்கை இழக்கும் அளவுக்குப் போகக்கூடிய தவறு அது. புகையிலைப் பழக்கமே இல்லாத ஓர் இளம் பெண்ணுக்கு நாக்கின் மேற்பரப்பில் கேன்சர் என்று ரிப்போர்ட் வந்தால், கத்தி வைப்பதற்கு முன் அந்த ஸ்லைடை இன்னொரு வாய் நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். இப்படிச் சொல்வதால் என் துறைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்குள்ளேயே ஸ்லைடை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது தினப்படி நடப்பதுதான்.

எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பாமல் விடுவதுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயம். ‘சின்னக் கட்டிதானே, லேசரில் எரித்துவிடலாம்’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. எரித்துவிட்டால் அது என்னவாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. லேசரால் வெட்டி எடுப்பது தவறில்லை, சதை முழுசாக லேபுக்கு வர வேண்டும். அதோடு, எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக் என்று ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் வருடங்கள் கழித்துக்கூட அதில் இருந்து புது ஸ்லைடு வெட்டலாம். ரிப்போர்ட்டில் இருக்கும் லேப் எண்ணைக் குறித்து வையுங்கள், அதை வைத்துத்தான் பிளாக்கைத் தேடி எடுப்பார்கள்.

கீழ்த்தாடை எலும்புக்குள்ளும் ஸ்வானோமா வரும், அபூர்வமாக. பற்களுக்கு அடியில் ஓடும் நரம்புதான் அதன் ஊற்று. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் நீர்க்கட்டிபோலத் தெரியும். கீழ் உதடும் மோவாயும் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. தாடைக்குள் கேன்சர் இருந்தாலும் அதே அறிகுறி வரும் என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

பரம்பரை விஷயத்துக்கு வருவோம். இங்கே கட்டியின் அளவைவிட எண்ணிக்கைதான் முக்கியம். ஒற்றைக் கட்டி பெரும்பாலும் தானாக வந்தது, தனியாகப் போகும். பல கட்டிகள் இருந்தால் ஜீனில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நியூரோஃபைப்ரோமா பலவாக வரும் நோய்க்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1 என்று பெயர். 1882-இல் வான் ரெக்லிங்ஹவுசன் விவரித்தது, 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஜீன் கோளாறு. ஏறக்குறைய 3,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும், அதனால் அத்தனை அபூர்வம் என்றும் சொல்ல முடியாது. பேருந்தில், சந்தையில், உடம்பெல்லாம் மென்மையான உருண்டைகளோடு ஒருவரையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தொற்றுநோய் இல்லை, பக்கத்தில் உட்கார யோசிக்க வேண்டாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் நோயே இருக்காது, ஜீன் புதிதாக மாறியிருக்கும். ஆனால் அவர்களிடம் இருந்து பிள்ளைக்குப் போக ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு: பால் காப்பி நிறத்தில் தட்டையான திட்டுகள், பெரியவர்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேலும் சிறு குழந்தைகளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலுமாக, ஆறோ அதற்கு மேலோ. அக்குளிலும் தொடையிடுக்கிலும் வெயிலே படாத இடத்தில் பொடிப்பொடியான புள்ளிகள். கண்ணின் கருவிழித் திரையில் வரும் முடிச்சுகளைக் கண் டாக்டர்தான் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு திட்டு நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் இருக்கும், எண்ணிப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். இந்த நோய் உள்ளவர்களின் கட்டி ஏதாவது திடீரென வேகமாக வளர்ந்தாலோ, இறுகினாலோ, விடாமல் வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். சாதுவான கட்டி கேன்சராக மாறும் அபாயம் இவர்களுக்குத்தான் நிஜமாகவே உண்டு. ஆபரேஷன் செய்ய முடியாத நரம்போடு பின்னிப் படரும் வகைக் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு செலுமெடினிப் என்ற மருந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை இவர்களுக்கென்று அனுமதி பெற்ற மருந்து எதுவும் இருக்கவில்லை.

இதைவிட அபூர்வமான இன்னொன்று உண்டு. பல் டாக்டர்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன். உதடுகளின் உட்புறத்திலும் நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் வாய்க் கோடியிலும் சின்னச் சின்ன மிருதுவான மணிகள், குழந்தைப் பருவத்திலேயே வரும். உதடு தடித்துப் பிதுங்கினாற்போல் இருக்கும். வயதுக்கு மீறிய உயரம், நீண்ட கை கால்கள். விசாரித்தால் கைக்குழந்தையாக இருந்தபோதே மலச்சிக்கல் என்பார்கள், அழுதால் கண்ணீர் வராது என்றுகூடச் சில தாய்மார் சொல்வார்கள். இது எம்இஎன் 2பி என்ற நோய், ஆர்இடி என்ற ஜீனில் வரும் மாற்றம். வாயில் இருக்கும் அந்த மணிகள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டில் மெடுலரி வகைக் கேன்சர் வருவது ஏறக்குறைய உறுதி, அதுவும் மிகச் சிறு வயதிலேயே. ஜீன் மாற்றம் பிறந்தவுடன் தெரிந்துவிட்டால் முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பெற்றோருக்கு இந்த நோய் இருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தோன்றாது. கழுத்தில் கட்டி தெரியும் நேரத்தில் கேன்சர் பரவியிருக்கும். அதற்குப் பல வருடம் முன்பே உதட்டைப் பார்த்த யாரோ ஒருவர், ‘அழகுக்குத்தானே, பெரியவனானதும் எடுத்துக்கலாம்’ என்று அனுப்பியிருப்பார். இந்தத் தைராய்டு கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் கால்சிடோனின் ரத்தப் பரிசோதனைக்கும் ஹார்மோன் டாக்டருக்கும் அப்போதே சீட்டு எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையின் ஆயுளே மாறியிருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு இது எதுவும் பொருந்துவதாகத் தெரியவில்லை. 50 வயதுக்கு மேல், ஒரே ஒரு கட்டி, மெல்ல வளர்ந்தது. குளிக்கும்போது முதுகிலும் அக்குளிலும் திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், வேறு எங்காவது தோலுக்கடியில் உருண்டைகள் தட்டுப்படுகின்றனவா என்றும். இல்லையென்றால் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய் முழுக் கட்டியையும் எடுத்து அதே லேபுக்கே அனுப்புங்கள், முதல் ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஸ்வானோமா என்று வந்தால் ஆறு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். உங்கள் பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் எதற்கும் இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். நியூரோஃபைப்ரோமா என்று வந்து, தோலிலும் அடையாளங்கள் இருந்தால் மட்டும் ரிப்போர்ட்டோடு திரும்ப எழுதுங்கள்.